முன் பற்களுக்கு நடுவே கேப்: ஒரே நாளில் அடைக்க முடியுமா? அதற்கு முன் டாக்டர் ஏன் இவ்வளவு அளவெடுக்கிறார்?

மேல் வரிசையில் நட்டநடுவே இருக்கும் இரண்டு பற்கள். அவற்றுக்கு இடையில் ஒரு சின்ன சந்து. வீட்டில் பெரியவர்கள் இதை அதிர்ஷ்டம் என்பார்கள். பிரான்ஸிலும் இதற்கு 'அதிர்ஷ்டப் பற்கள்' என்றுதான் பேர். பாப் பாடகி மடோனா, மாடல் லாரன் ஹட்டன் ஆகியோருக்கு இதுவே அடையாளம். ஆனால் ஸ்கூலில் பட்டப்பெயர் வாங்கியவர்களுக்கு இந்த சமாதானம் எல்லாம் போதாது. கல்யாணம், இன்டர்வியூ, பாஸ்போர்ட் போட்டோ என்று ஏதாவது ஒன்று நெருங்கும்போது, 'இதை மூடிடலாமா?' என்ற யோசனை வந்துவிடும்.

முதலில் பதில்: முடியும். பல காம்ப்ளெக்ஸ் இல்லாத கேஸ்களில் ஒரே சிட்டிங்கில், ஊசி போடாமல், பல்லைச் சீவாமல் மூட முடியும். ஆனால் அந்த ஒரு சிட்டிங் எப்படி முடியும் என்பது அதற்கு முன்பு நடக்கும் பிளானிங்கில்தான் இருக்கிறது. அளவு பார்க்காமல் அடைத்தால், கேப் போய்விடும். அதற்குப் பதிலாக முயல் பல் வந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் எழுதினால் இடைவெளியும் 'கேப்', பல் மேல் மாட்டும் மூடியும் 'கேப்'. கிளினிக்கில் போய் 'கேப்புக்கு வந்திருக்கேன்' என்று சொன்னால், எந்த கேப் என்று அவர்களே திருப்பிக் கேட்பார்கள். இந்தக் கட்டுரையில் இடைவெளியை இடைவெளி என்றும், மாட்டும் மூடியை உறை என்றும் சொல்கிறோம். இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பது கீழே வரும்.

இடைவெளி எப்போது வந்தது?

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குழந்தைக்கு 7, 8 வயது, புதுசாக முளைத்த முன் பற்கள் விசிறி மாதிரி விரிந்து நிற்கின்றன என்றால் பயப்படத் தேவையில்லை. மேலே எலும்புக்குள் கோரைப்பற்கள் இறங்கி வந்துகொண்டிருக்கும். அவை பக்கத்துப் பற்களின் வேர்களைத் தள்ளுவதால் பற்கள் விரிகின்றன. 11, 12 வயதில் கோரைப்பல் முழுசாக முளைத்ததும், சுமார் 2 மி.மீ வரையிலான இடைவெளி பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பல் மருத்துவத்தில் இந்தப் பருவத்துக்கு 'அசிங்கமான வாத்துக்குஞ்சு பருவம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் குஞ்சு அன்னமாக மாறும் இல்லையா, அதேதான். இந்த வயதில் அவசரப்பட்டு அடைப்பதோ கிளிப் போடுவதோ பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது.

சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, வளர்ந்தும் மூடவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். தாடை பெரிசு, பல் சிறிசு என்பது ஒரு காரணம். நடுப்பற்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பல் சிலருக்கு ஆணி மாதிரி ஒல்லியாக இருக்கும், சிலருக்கு முளைக்கவே முளைக்காது. மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் உதட்டையும் ஈறையும் இணைக்கும் ஒரு சவ்வு தெரியும்; அது தடிமனாக இரண்டு பற்களுக்கு நடுவே வரை இறங்கியிருக்கலாம். உதட்டை இழுத்தால் பற்களுக்கு நடுவே உள்ள ஈறு வெளுக்கிறதா என்று டாக்டர் பார்ப்பது இதற்காகத்தான். விரல் சூப்புவது, எச்சில் விழுங்கும்போது நாக்கால் பல்லைத் தள்ளுவது போன்ற பழக்கங்களும் உண்டு. அபூர்வமாக, இரண்டு முன் பற்களுக்கு நடுவே எலும்புக்குள் எக்ஸ்ட்ராவாக ஒரு பல் ஒளிந்திருக்கும். எக்ஸ்ரே எடுத்தால்தான் அது தெரியும்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. 35, 40 வயது வரை நெருக்கமாக இருந்த பற்கள், இப்போது மெல்ல விலகுகின்றன. பழைய கல்யாண போட்டோவில் இல்லாத சந்து இப்போது இருக்கிறது. பிரஷ் பண்ணும்போது ரத்தம் வேறு வருகிறது. இது அழகுப் பிரச்சனையே இல்லை. ஈறு நோயால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் இடம் மாறுகிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இதை வேகப்படுத்தும். இந்த நிலையில் இடைவெளியை மட்டும் அடைத்துவிட்டு வருவது, சுவர் விரிசலுக்கு பெயின்ட் அடிப்பது போல. அஸ்திவாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். முதலில் ஈறு சிகிச்சை, நோய் அடங்கியது உறுதியானபின்தான் மற்றது. சில சமயம் ஈறு சிகிச்சைக்குப் பிறகு சின்ன இடைவெளிகள் தானே ஓரளவு குறைவதும் உண்டு.

மில்லிமீட்டர் கணக்கு

சரி, ஈறு நன்றாக இருக்கிறது, வயதும் சரி. இனிமேல்தான் டாக்டர் ஸ்கேலை எடுப்பார்.

மேல் நடுப்பல்லின் அகலம் சராசரியாக சுமார் 8.5 மி.மீ, வெளியே தெரியும் உயரம் 10.5 முதல் 11 மி.மீ. அகலம் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் பார்க்க இயல்பாக இருக்கும். 85 தாண்டினால் பல் சதுரமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இப்போது ஒரு கணக்கு போடுவோம். உயரம் 11, அகலம் 8.5 என்றால் விகிதம் 77 சதவீதம். நல்ல பல். நடுவில் 1 மி.மீ இடைவெளி என்றால் ஆளுக்கு அரை மி.மீ சேர்க்க வேண்டும். அகலம் 9 ஆகும், விகிதம் 82. பிரச்சனை இல்லை. இடைவெளி 2 மி.மீ என்றால் ஒவ்வொரு பல்லும் 9.5 ஆகும், விகிதம் 86. எல்லையில் நிற்கிறது. இடைவெளி 3 மி.மீ என்றால் பல் 10 மி.மீ அகலம், விகிதம் 91. கண்ணாடியில் பார்த்தால் இரண்டு செங்கல் வைத்த மாதிரி இருக்கும்.

அதனால்தான், 'பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு மணி நேரத்தில் அடைச்சாங்க, எனக்கு மட்டும் ஏன் கிளிப் போடணும்னு சொல்றாங்க?' என்ற கேள்விக்குப் பதில் அந்த அக்காவின் இடைவெளி எத்தனை மி.மீ என்பதில் இருக்கிறது.

பெரிய இடைவெளிக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒன்று, சுமையைப் பங்கு போடுவது. கிளிப் அல்லது அலைனர் போட்டு நடுப்பற்களைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி, அந்த 3 மி.மீ இடத்தை நான்கு பற்களுக்கும் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் முக்கால் மி.மீதான் வரும். நடுப்பல்லின் விகிதம் 84-க்கு இறங்கிவிடும். அப்புறம் நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பல் ஆணி மாதிரி ஒல்லியாக இருப்பவர்களுக்கு இதுதான் ரொம்பப் பொருத்தம். குறை உள்ள பல்லிலேயே அகலத்தைக் கூட்டிவிடலாம்.

இன்னொன்று உயரத்தைக் கூட்டுவது. 9.5 மி.மீ அகலப் பல்லுக்கு 80 சதவீத விகிதம் வேண்டும் என்றால் உயரம் கிட்டத்தட்ட 12 மி.மீ இருக்க வேண்டும். பல் நுனி தேய்ந்திருந்தால் கீழே நீட்டலாம். ஈறு பல்லை அதிகம் மூடியிருந்தால் ஈறைச் சற்று மேலே ஏற்றலாம். ஆனால் நுனியை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. கீழ்ப்பல் வந்து இடிக்கும் இடம் அது. பேசும்போது உதட்டில் உரசும்.

மூன்றாவது, கொஞ்சம் கண்கட்டு வித்தை. குண்டாக இருப்பவர் நெடுக்குக் கோடு போட்ட சட்டை போட்டால் ஒல்லியாகத் தெரிவார் இல்லையா? பல்லின் முன்பக்கத்தில் ஒளி பட்டு மின்னும் தட்டையான பகுதி இருக்கிறது. அதன் இரு ஓரத்து விளிம்புகளையும் உள்பக்கமாகக் கொண்டுவந்து, அதற்கு வெளியே இருப்பதை வளைத்துவிட்டால், நிஜத்தில் அகலமான பல்லும் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரியும். நல்ல டாக்டர் பாலிஷ் போடுவதற்கு இவ்வளவு நேரம் எடுப்பதன் ரகசியம் இதுதான்.

நடுக்கோடும் பார்க்க வேண்டும். இரண்டு பற்களும் சேரும் கோடு முகத்தின் மையத்திலிருந்து லேசாகத் தள்ளியிருந்தால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்தக் கோடு சாய்ந்துவிட்டால் எதிரில் உட்கார்ந்தவருக்கு உடனே ஏதோ உறுத்தும். இரண்டு பற்களின் அகலம் ஆரம்பத்திலேயே வேறு வேறாக இருந்தால், இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ப்பதும் தப்பு. முடிவில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், சேர்ப்பது அல்ல.

அந்தக் கறுப்பு முக்கோணம்

இடைவெளி மூடிய சிலரைப் பாருங்கள். பற்கள் கீழே சேர்ந்திருக்கும், மேலே ஈறு பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன கறுப்பு முக்கோணம் இருக்கும். கீரை, கறிவேப்பிலை எல்லாம் அங்கேதான் போய் உட்காரும். முன்னாடி இருந்த இடைவெளியே தேவலை என்று ஆகிவிடும்.

இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பற்கள் ஒன்றோடொன்று தொடும் இடத்திலிருந்து உள்ளே இருக்கும் எலும்பின் விளிம்பு வரை எவ்வளவு தூரம் என்பதுதான் விஷயம். 1992-ல் டார்னோ என்ற அமெரிக்கப் பல் மருத்துவரும் அவரது சகாக்களும் இதை அளந்து பார்த்தார்கள். தூரம் 5 மி.மீக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்குமே ஈறு அந்த இடத்தை நிரப்பியிருந்தது. 6 மி.மீ ஆனபோது 56 சதவீத இடங்களில்தான் நிரம்பியிருந்தது. 7 மி.மீ என்றால் 27 சதவீதம். அதனால் இடைவெளி மூடும்போது, பற்கள் சேரும் இடத்தை ஈறு பக்கமாக நீட்டிக் கொண்டுபோவார்கள். ஃபில்லிங் ஈறுக்குச் சற்று உள்ளிருந்தே மெதுவாக விரிந்து வர வேண்டும். ஈறுக்கு வெளியே திடீரென்று திண்ணை மாதிரி துருத்திக்கொண்டு ஆரம்பித்தால், அதன் அடியில் அழுக்கு சேரும், ஈறு வீங்கும்.

வெட்டுவதற்கு முன் ஒத்திகை

டெய்லர் துணியை வெட்டும் முன் அளவு பார்ப்பார், இங்கே ஒரு படி மேல். போட்டோ, எக்ஸ்ரே, பல் அச்சு அல்லது ஸ்கேன் எடுத்து, அந்த மாதிரிப் பல்லின் மேல் மெழுகால் புதுப் பல் வடிவத்தைக் கட்டுவார்கள். கம்ப்யூட்டரிலும் செய்யலாம். பிறகு அந்த வடிவத்தை ஒரு சிலிகான் அச்சில் எடுத்து, தற்காலிகப் பொருளை ஊற்றி உங்கள் வாயிலேயே பொருத்திக் காட்டுவார்கள். பல்லில் எதையும் தொடாமல், நீங்கள் சிரித்துப் பார்க்கலாம், 'ச', 'ஸ' வரும் வார்த்தைகளைச் சொல்லிப் பார்க்கலாம், செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்பிக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் கழற்றிப் போட்டுவிட்டு வடிவத்தை மாற்றலாம்.

எங்களைக் கேட்டால், மொத்த சிகிச்சையிலும் நீங்கள் வற்புறுத்திக் கேட்க வேண்டியது இந்த ஒத்திகையைத்தான். ஸ்கிரீனில் காட்டும் 'பிஃபோர் ஆஃப்டர்' படம் இன்னொருவருடைய வாய்.

பல்லை வெள்ளையாக்கும் ப்ளீச்சிங் செய்யும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். ஃபில்லிங் பொருள் பிறகு வெளுக்காது. ப்ளீச்சிங் முடிந்ததும் சுமார் 2 வாரம் காத்திருக்க வேண்டும். உடனே ஒட்டினால் ஒட்டு பலமாகப் பிடிக்காது, கலரும் நிலைத்திருக்காது. அதேபோல் கலர் தேர்வு செய்வதை உட்கார்ந்தவுடனே, பல் ஈரமாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். வாயைத் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து சில நிமிஷத்திலேயே வெள்ளையாகத் தெரியும். அந்தக் கலருக்கு மேட்ச் பண்ணினால் மறுநாள் ஒட்டுப்போட்டது தனியாகத் தெரியும்.

அன்றைக்கு என்ன செய்வார்கள்?

இடைவெளி சின்னது, கணக்கு ஒத்துவருகிறது என்றால் பெரும்பாலும் கம்போசிட் எனப்படும் பல் நிறப் பொருளைத்தான் வைப்பார்கள். பல்லின் மேல் பாஸ்பாரிக் அமிலம் கொண்ட ஜெல்லைச் சில விநாடிகள் தடவி, கழுவி, பசை தடவி, கம்போசிட்டை மெல்லிய அடுக்குகளாக வைத்து நீல ஒளியால் இறுக்குவார்கள். எனாமலில் அமிலம் நுண்ணிய பள்ளங்களை உருவாக்குவதால் பசை உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மைக்கேல் புவோனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1955-ல் காட்டிய வழி இது. இது வரும் முன்பு, முன் பல்லில் எதையாவது நிற்க வைக்க பல்லைக் குடைய வேண்டியிருந்தது.

கம்போசிட் உடையலாம், ஓரம் பெயரலாம். டீ, காபி, மஞ்சள் கறை பிடிக்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை பாலிஷோ ரிப்பேரோ தேவைப்படும். ஆனால் ரிப்பேர் செய்ய முடியும் என்பதே அதன் பெரிய பலம். பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம், கீழே உங்கள் பல் பத்திரமாக இருக்கும்.

பீங்கான் வெனீர் கறை பிடிக்காது, பளபளப்பு போகாது, நீண்ட காலம் உழைக்கும். அதற்கு பெரும்பாலும் பல்லின் முன்பக்கத்தை அரை மி.மீ அளவுக்குச் சீவ வேண்டும். சீவிய எனாமல் திரும்ப வளராது. ஒருமுறை வெனீர் என்றால் ஆயுசு முழுக்க ஏதாவது ஒன்று மேலே இருந்தாக வேண்டும்.

உறை, அதாவது அந்த இன்னொரு 'கேப்', முற்றிலும் வேறு கதை. அதை மாட்ட பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் போய்விடும். வேர் சிகிச்சை செய்த பல், பெரிதாக உடைந்த பல் என்றால் நியாயம். 23 வயதில், சொத்தை எதுவும் இல்லாத இரண்டு ஆரோக்கியமான முன் பற்களை, வெறும் 2 மி.மீ இடைவெளிக்காகச் செதுக்கி உறை போடுவது சரியான பேரம் இல்லை. அடுத்த மாதம் கல்யாணம், சீக்கிரம் முடியணும் என்ற அவசரத்தில் இதற்குத் தலையாட்டாதீர்கள். கம்போசிட் இதைவிடச் சீக்கிரமே முடிந்துவிடும். 'பல்லை எவ்வளவு சீவுவீங்க?' என்று நேரடியாகக் கேளுங்கள்.

ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம்

இரண்டு முன் பற்களையும் சேர்த்து ஒரு குட்டி ரப்பர் பேண்ட் மாட்டினால் இடைவெளி தானே மூடிவிடும் என்று காட்டும் வீடியோக்கள் சுற்றுகின்றன. இது ஆபத்தானது. பல் மேலே அகலம், வேர் பக்கம் போகப் போகக் குறுகல். அதனால் பேண்ட் மெல்ல வழுக்கி ஈறுக்குள் போய்விடும். வெளியே தெரியாது, 'அறுந்து விழுந்திருக்கும்' என்று நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே அது வேர் நுனியை நோக்கி ஏறிக்கொண்டே எலும்பை அரித்துவிடும். சாதாரண ரப்பர் எக்ஸ்ரேயில் தெரிவதும் கஷ்டம். ஆரோக்கியமாக இருந்த இரண்டு முன் பற்களையும் இப்படி இழந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கம் இதற்கு எதிராக எச்சரிக்கை விடுத்திருக்கிறது. வீட்டில் டீன் ஏஜ் பிள்ளைகள் இருந்தால் இதை மட்டுமாவது அவர்களிடம் சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டி, பேண்ட் காணாமல் போயிருந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டரிடம் போய் விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தபாலில் அலைனர் வாங்குவதிலும் ரிஸ்க் உண்டு. எக்ஸ்ரேவும் ஈறு பரிசோதனையும் இல்லாமல் பல்லை நகர்த்தக் கூடாது. இந்த வியாபாரத்தில் பெரிதாக வளர்ந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

மூடிய பிறகு

கிளிப் போட்டு மூடினால், நடு இடைவெளி திரும்பத் திறப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் பல்லின் பின்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டி வைப்பார்கள். 'இன்னும் எத்தனை நாள் இருக்கும்?' என்றால், பல வருஷம் என்பதுதான் நேர்மையான பதில். உதட்டுச் சவ்வு காரணம் என்றால், பொதுவாக முதலில் இடைவெளியை மூடிவிட்டுத்தான் சவ்வை வெட்டுவார்கள். முன்னாடியே வெட்டினால், அங்கே உருவாகும் தழும்பே பல் சேர்வதைத் தடுக்கலாம்.

கம்போசிட் வைத்தவர்கள் முதல் ஒன்றிரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் அதிகம் உள்ள குழம்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. முறுக்கு, கரும்பு, கொய்யாவை முன் பல்லால் கடிக்காமல் கடைவாய்க்குத் தள்ளுங்கள். நகம் கடிப்பது, பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது இரண்டும் அன்றோடு நிறுத்த வேண்டியவை. தூக்கத்தில் பல் நறநறவென்று கடிப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் இரவில் மாட்ட ஒரு கார்டு செய்து தருவார். சேரில் இருந்து எழும் முன் ஒரு டெஸ்ட்: புதிதாகச் சேர்ந்த இடத்தில் ஃப்ளாஸ் நூலை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நூல் உள்ளே போக வேண்டும், கிழியாமல் வெளியே வர வேண்டும். கிழிந்தால் ஓரம் சரியாக முடியவில்லை, அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம்.

செலவு ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். ரேட் கேட்கும்போது ஒத்திகை, பாலிஷ், ஒரு வருஷத்துக்குள் உடைந்தால் ரிப்பேர் ஆகியவை அதில் அடங்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். கணக்கு கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் பல் சீரமைப்பு, ஈறு, ஃபில்லிங் என்று மூன்று துறை டாக்டர்களும் ஒரே கூரையின் கீழ் பார்ப்பது வசதி. தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள், பழைய எக்ஸ்ரே இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். சின்ன வயது போட்டோ ஒன்று போனில் இருந்தால் இன்னும் நல்லது. இடைவெளி எப்போது வந்தது என்ற முதல் கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும்.